பக்கம் வாடகை, பேரேடு சொந்தம்

போன வாரம் பல்கலைக்கழக வளாகச் சாலையில் காலை நடை போய்க்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவருடைய மருமகன் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் ஆரம்பித்து, படம் போட்டு, விளம்பரத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனிக்காரர்கள் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறார்களாம்.

"இந்தக் காலத்துல பக்கம் இல்லாம கடை ஓடாதுங்கறான். போடலாமா வேண்டாமா, நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார்.

"தாராளமா போடச் சொல்லுங்க. ஆனா சாவி மருமகன் கையில இருக்கணும். நோட்டு ஒண்ணு கல்லாப்பெட்டிக்குள்ள இருக்கணும்" என்றேன்.

சாவியும் நோட்டும் என்றதும் சிரித்துவிட்டார். நான் பழைய காலத்து ஆள், அதனால் இப்படித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். உண்மையில் இந்த இரண்டையும் நான் பழைய காலத்தில் கற்கவில்லை. 2022-ஆம் வருடம் தீபாவளிக்கு முன்னால், என் புத்தியால் இன்னொருவர் பட்ட அடியில் கற்றுக்கொண்டேன். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் காலத்தில் கடைக்கு விளம்பரம் என்றால் என்னென்ன இருந்தன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரோடும் நான்கு வீதிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. கடைக்காரர்கள் பனையோலை விசிறியில் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுப்பார்கள். நீர்மோர்ப் பந்தலில் துணிப் பதாகை தொங்கும். குதிரை வண்டியிலோ ரிக்‌ஷாவிலோ ஒலிபெருக்கி கட்டி, பிட் நோட்டீஸை வீசிக்கொண்டே போவார்கள். அந்த ரோஸ் நிறக் காகிதத்தைப் பொறுக்கப் பின்னாலேயே ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு சிலைடு போடுவார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுத்தால் மஞ்சள் பை. வருடம் பிறந்தால் தினசரி காலண்டர்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருந்தது. விளம்பரம் ஆளைக் கடை வாசலுக்குக் கொண்டு வரும், அதோடு அதன் வேலை முடிந்தது. வந்தவர் யார், எந்த ஊர், யாருடைய மகன், பாக்கி எவ்வளவு, பெண்ணுக்கு எந்த மாதம் கல்யாணம் என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள்ளும் பேரேட்டிலும் இருந்தன. சினிமாக் கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள் என்பதற்காக எந்த ஜவுளிக்கடைக்கும் வாடிக்கையாளர் போய்விடவில்லை.

இப்போது விளம்பரமும் பேரேடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த இடம் நம்முடையதும் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இது எனக்கும் உறைக்க இரண்டு வருடம் ஆனது.

அண்ணாமலை நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் கணவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், எனக்கு நல்ல சிநேகிதர், ஐம்பது வயது முடிவதற்குள் போய்விட்டார். ஒரே பெண் அப்போது பள்ளிக்கூடத்தில். இந்த அம்மா வீட்டிலேயே சமைத்து, இங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பிழைப்பை ஓட்டினார். காலையில் இட்லியும் கொத்சும், மதியம் சாப்பாடு. நம் ஊர்க் கொத்சைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடராஜருக்கே சம்பா சாதத்தோடு நிவேதனமாகிற பதார்த்தம். அந்த அம்மா வறுத்து இடிக்கும் கொத்சுப் பொடிக்கு, படிப்பை முடித்துப் போன பிள்ளைகளும் ஆள் விட்டு வாங்கி அனுப்பச் சொல்வார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விடுதிகள் காலியாயின, பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரே வாரத்தில் அந்த அம்மாவின் அடுப்பு, வீட்டுக்கு மட்டும் எரிகிற அடுப்பாகச் சுருங்கியது. பெண் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அந்த நேரத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு பையன் உதவிக்கு வந்தான். கடைசி வருட மாணவன், ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டவன். "அம்மா, சாப்பாடு அனுப்ப முடியாது, பொடியும் வத்தலும் அனுப்பலாமே" என்று சொல்லி, அவனே ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தான். மொட்டை மாடியில் கூழ் வடாம் பிழிவதையும், சுண்டைக்காய் வத்தல் காய்வதையும், உரலில் பொடி இடிப்பதையும் செல்போனில் படம் பிடித்துப் போட்டான். கூரியர் ஓட ஆரம்பித்ததும் ஆர்டர் வந்தது. சென்னை, பெங்களூரு, மும்பை என்று எங்கெங்கோ இருக்கும், ஒரு காலத்தில் இங்கே படித்தவர்கள் வாங்கினார்கள். அவர்கள் சொல்லி அவர்கள் அக்கம்பக்கத்தார் வாங்கினார்கள்.

இதைப் பார்த்து நான் அசந்து போனது உண்மை. அந்த அம்மா வாசலில் கரும்பலகை வைத்திருந்தால் தெருக்கோடி வரைதான் தெரிந்திருக்கும். காசு செலவில்லாத ஒரு பக்கம், பெங்களூருவில் நடராஜரையும் கொத்சையும் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த ஒருவரை எங்கள் அடுத்த தெருவோடு சேர்த்து வைத்தது. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அவர் பெண்ணின் படிப்பு நின்றிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாத வேலை" என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

முதல் வருடம் அந்த அம்மா ஒரு நீல நிற நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பெயர், ஊர், போன் நம்பர், என்ன வாங்கினார், என்ன குறை சொன்னார். 'உப்பு தூக்கல்', 'காரம் குறைவாக', 'மாமியாருக்கு சர்க்கரை' என்றெல்லாம்கூட ஓரத்தில் இருக்கும். கணக்குப் பிரிவுக்காரர் மனைவி அல்லவா.

ஆர்டர் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் நான் போனபோது இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? பேர், விலாசம், பேசினது எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கே. தேடினா வந்துடும். நோட்டை விட்டுடுங்க" என்றேன்.

"அப்படிங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்தவர், அதற்குப் பிறகு திறக்கவில்லை. முப்பது வருடம் கோப்பும் பதிவேடுமாக இருந்து ஓய்வு பெற்ற நான் சொன்ன யோசனை அது.

2022 புரட்டாசி மாதம். தீபாவளி லேகியத்துக்கும் முறுக்கு, மிக்சருக்கும் முன்பதிவு ஆரம்பித்திருந்தார். நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி இறக்கியிருந்தார். அதில் பாதி கைமாற்று. ஒரு மத்தியானம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. 'நீங்கள் பதிப்புரிமையை மீறியிருக்கிறீர்கள், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும், ஆட்சேபணை இருந்தால் கீழே உள்ள இணைப்பைத் தொடவும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. மேலே ஃபேஸ்புக் கம்பெனியின் சின்னம் வேறு. முந்தின வாரம்தான் வடாம் வீடியோவுக்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். அதனால்தான் தப்பாகிவிட்டது என்று பயந்து, இணைப்பைத் தொட்டு, கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைப் போட்டு, போனுக்கு வந்த எண்ணையும் போட்டுவிட்டார்.

அரை மணி நேரத்தில் பக்கம் அவர் கையில் இல்லை.

அந்தக் கம்பெனி இப்படி இன்பாக்ஸுக்கு ஆள் அனுப்பிப் பாஸ்வேர்டு கேட்பதில்லை. இது திருடர்களின் பழைய வித்தை, உலகம் முழுவதும் சிறு வியாபாரிகளிடம் நடப்பது. எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தை ஆரம்பித்த பையனுக்குப் போன் போட்டோம். அவன் பாவம், பெங்களூருவில் வேலையில் இருந்தான். பக்கத்துக்கு அட்மின் என்று இருந்தது அவன் கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கைத்தான் இந்த அம்மா இரண்டு வருடமாகத் தன் போனில் வைத்துப் பயன்படுத்தி வந்தார். கணக்கே பறிபோனதால் அவனாலும் உள்ளே நுழைய முடியவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பிள்ளை உதவியாகச் செய்த காரியம் அது. சாவியை ஒரே வளையத்தில் வைக்காதே என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பெரியவர்கள் நாங்கள்.

புகார் கொடுக்கப் பார்த்தோம். படிவத்தை நிரப்பினால் கணினி பதில் வரும், அதற்குப் பதில் எழுதினால் இன்னொரு கணினி பதில். தாலுகா ஆபீஸில் எவ்வளவு அலைக்கழித்தாலும் ஒரு ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் இருக்கும், திட்டவாவது செய்யலாம். இங்கே முகமே இல்லை. காசு கொடுக்காமல் உட்கார்ந்த இடத்தில் ரசீது கேட்க முடியாது என்பது அப்போது புரிந்தது.

பக்கம் போனது பெரிதில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண்மணி எங்கிருந்தோ நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். "லேகியத்துக்கு முன்பணம் 1,500 அனுப்பினேனே, பார்சல் எப்போ வரும்?" என்று கேட்டார். பக்கத்தைப் பறித்தவன், அந்த அம்மாவின் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பி, வேறு ஒரு க்யூஆர் கோடு காட்டிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த அம்மா அழுதார். அதுவரை அழவில்லை. "சாமான் போனா போகட்டும்ணா, கடனை அடைச்சுடுவேன். என் பேரைச் சொல்லி ஜனங்க காசைப் பிடுங்கறானே, அவங்களுக்கு எப்படிச் சொல்வேன்?" என்றார்.

எப்படிச் சொல்வது? விலாசங்களும் நம்பர்களும் அந்தப் பக்கத்தின் பேச்சுப் பெட்டிக்குள் இருந்தன. பூட்டு திருடன் கையில். 'நோட்டை விட்டுடுங்க' என்று நான் சொன்ன வார்த்தை எனக்கு அன்று நெஞ்சில் தைத்தது.

காப்பாற்றியது இறந்துபோன நண்பரின் பழக்கம். கணக்குப் பிரிவுக்காரர்கள் மேஜையில் ரசீது குத்தும் கம்பி இருக்குமே, அது ஒன்று அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் இருந்தது. கூரியர்காரர் கொடுத்த ரசீதுகளை அந்த அம்மா இரண்டு வருடமாக அதில் குத்திக் குத்தி, நிறைந்ததும் நூலால் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தார். சில மங்கி எழுத்தே தெரியவில்லை. சில எண்ணெய் பட்டு ஒட்டியிருந்தன. நான், அந்த அம்மா, அவர் பெண் மூன்று பேரும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தோம். பழைய நீல நோட்டில் 118 பேர், ரசீதுகளிலிருந்து மேலும் 113 பேர். ஆக 231 பேர்.

ஒவ்வொருவராகப் போன் போட்டோம். "பக்கம் திருடு போயிடுச்சு, அதுல கேட்டா பணம் அனுப்பாதீங்க" என்று சொன்னோம். பெரும்பாலோர் நல்லபடியாகப் பேசினார்கள். அதற்குள் இரண்டு பேர் மொத்தம் 3,500 ரூபாய் இழந்திருந்தார்கள். அந்த அம்மா இருவருக்கும் சொந்தக் கைக்காசில் பொருள் அனுப்பினார். 'உங்க தப்பு இல்லையே' என்று நான் சொன்னதற்கு, 'என் பேர்தானேண்ணா' என்றார். ஒருவர் மட்டும் இந்த அம்மாவையே மோசடிக்காரி என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார், பிறகு வாங்கவே இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிந்தோம். பணம் போனால் முதல் சில மணி நேரத்துக்குள் அங்கே சொல்வதுதான் பயன் தரும். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே மூன்றாம் நாள்.

தீபாவளிக்கு லேகியம் விற்றதா என்றால், விற்றது. அந்த 231 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். பக்கத்தில் 6,000 பேருக்கு மேல் ஃபாலோயர் இருந்தார்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடனை அடைக்க வைத்தவர்கள் கம்பியில் குத்தியிருந்தவர்கள்தான்.

இதற்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். திருடன் வந்தால்தான் பக்கம் போகும் என்றில்லை. இடத்துக்காரனே கதவை மூடலாம். ஆர்க்குட் என்று ஒன்று நம் பிள்ளைகள் காலத்தில் கொடிகட்டிப் பறந்தது, 2014 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. 2020 ஜூன் 29 அன்று அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் ஒரே இரவில் போனது. அதில் துணியும் நகையும் காட்டி வியாபாரம் செய்தவர்களின் கூட்டமும் அதோடு கலைந்தது. தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. விடிந்தால் வாசல் இல்லை என்பதுதான் இங்கே பேச்சு.

2021 அக்டோபர் 4 இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று போனை அணைத்து அணைத்துப் போட்டோமே, அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே முதலாளியுடையவை. இன்ஸ்டாகிராமை 2012-லும் வாட்ஸ்அப்பை 2014-லும் ஃபேஸ்புக் வாங்கிவிட்டது. ஆகவே 'எங்களுக்கு மூன்று இடத்தில் கடை இருக்கிறது' என்று நினைப்பவர்களுக்கு இருப்பது ஒரே வீட்டுக்காரரின் மூன்று திண்ணை.

இன்னொன்று, வாடகை. ஃபேஸ்புக்கில் கடைகளுக்கென்று பக்கம் தொடங்கும் வசதி 2007 நவம்பரில் வந்தது. முதலில் பக்கத்தில் ஒன்று போட்டால் விரும்பி வந்தவர்களில் நிறையப் பேர் கண்ணில் பட்டது. 2018 ஜனவரியில் அந்தக் கம்பெனியே வெளிப்படையாகச் சொன்னது: இனி சொந்தக்காரர், சிநேகிதர் போடுவதை முன்னால் காட்டுவோம், வியாபாரப் பக்கங்கள் போடுவது குறைவாகத்தான் தெரியும் என்று. அவர்கள் இடம், அவர்கள் இஷ்டம். தெரிய வேண்டுமானால் காசு கட்டி விளம்பரம் கொடுக்கலாம். திண்ணையில் சும்மா உட்காரலாம் என்று கூப்பிட்டு, கூட்டம் சேர்ந்த பிறகு வாடகை கேட்பதில் புதுமை ஒன்றும் இல்லை. தேர்முட்டியில் கடை போட்டவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் டெல்லி மாளவியா நகரில் ஒரு வயதான தம்பதியின் சிறிய சாப்பாட்டுக் கடை, ஒரே ஒரு வீடியோவால் நாடு முழுவதும் தெரிந்தது. மறுநாளே வரிசை. கொஞ்ச நாளில் வீடியோ எடுத்தவருக்கும் கடைக்காரருக்கும் நன்கொடைக் கணக்கில் தகராறு வந்து போலீஸ் வரை போனது. டிசம்பரில் பெரிய ஓட்டல் திறந்தார்கள், செலவு கட்டுப்படியாகாமல் பிப்ரவரியில் மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார் அந்தப் பெரியவர். கூட்டம் வீடியோவைப் பார்த்து வந்தது, அடுத்த வீடியோ வந்ததும் அங்கே போய்விட்டது.

நம் கோவைக்குப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியையும் 2019-ல் இதே சமூக ஊடகம்தான் உலகத்துக்குக் காட்டியது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பார்த்துவிட்டு உதவ முன்வந்தார், பாட்டிக்கு எரிவாயு அடுப்பும் பிறகு வீடும் கிடைத்தன. புகழ் வந்தது என்று பாட்டி விலையை ஏற்றவில்லை. அவர் வாடிக்கை புகழுக்கு முன்பே பக்கத்து ஜனங்களிடம் இருந்தது. புகழ் போனாலும் அது போயிருக்காது.

'வில்லேஜ் குக்கிங் சேனல்' மாதிரி ஆகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள் 2018-ல் ஆரம்பித்து 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். மனதார மெச்ச வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு வீடியோவே தொழில். ஜவுளிக்கடைக்காரருக்கும் பொடி விற்பவருக்கும் வீடியோ தொழில் இல்லை, நோட்டீஸ். நோட்டீஸைத் தொழில் என்று நினைத்தால் கடை படுத்துவிடும்.

அதனால் நண்பரின் மருமகனுக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான். கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஈமெயிலில் பக்கம் ஆரம்பிக்கக் கூடாது. கடையின் பெயரில் ஒரு சிம், ஒரு ஈமெயில், அதிலிருந்து மருமகனே பக்கம் தொடங்க வேண்டும். கம்பெனிக்குப் படம் போடும் அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், அந்த வசதி உண்டு. விலகினால் அந்த அனுமதியை எடுத்துவிடலாம். முழு அதிகாரம் கடை முதலாளிக்கும், வீட்டிலேயே இன்னொருவருக்கும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பூட்டுக்கு இரண்டு சாவி வைப்போமே, அதுபோல. பாஸ்வேர்டு போட்டாலும் போனுக்கு எண் வந்தால்தான் திறக்கும்படி வைத்துவிட வேண்டும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

ராணுவ அதிகாரி என்று சொல்லி மொத்த ஆர்டர் கொடுத்து, 'பணம் வர இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்' என்பவர்களும் பக்கத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் பணம்தான் போகும்.

சாப்பாட்டுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். பக்கம் திருடு போனாலும் பாக்கெட்டில் இருக்கும் எண்ணும் போன் நம்பரும் திருடு போகாது.

கடைசியாக நோட்டு. வாங்கியவர் பெயர், ஊர், நம்பர், என்ன பிடித்தது. கணினியில் எழுதினாலும் சரி, மாதம் ஒரு முறை காகிதத்தில் எடுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் 256 பேர் வரை ஒரு பட்டியலுக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. நாம் அவர்களை எழுதி வைத்திருக்க வேண்டும், அவர்களும் நம்மை எழுதி வைத்திருக்க வேண்டும். பழைய கடைகளில் இருந்தது இதுதான்.

நோட்டு எழுத ஆள் ஏது, நேரம் ஏது என்று மருமகன் கேட்பார். மாதம் 12,000 கொடுக்க இருப்பவர், அதில் ஒரு பங்குக்குக் கடையிலேயே ஒரு பெண்ணை உட்கார வைத்து எழுதச் சொல்லலாம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

அந்த அம்மா 2023 பொங்கலுக்குப் புதுப் பக்கம் ஆரம்பித்தார். பழையதில் இருந்த கூட்டத்தில் பாதிகூட இன்னும் சேரவில்லை. அவரிடம் ஒரு சாவி, பெண்ணிடம் ஒரு சாவி. பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். நீல நோட்டு நிறைந்து இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. நேற்று கொத்சுப் பொடி வாங்கப் போனபோது அதை எடுத்துக் காட்டினார். என் பெயரும் இருந்தது. ஓரத்தில் 'காரம் வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கார்' என்று எழுதியிருந்தார்.

டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. என் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள்.